இசபெல்லாவை விற்ற வாரம்

அவள் முதலில் தொட்டது பானெட்டை.
குலுக்க நீட்டிய என் கையைத் தாண்டிப் போய்
குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல்
புறங்கையை வைத்தாள்.
"சூடாக இருக்கிறதே."

ஜூலை மாதம். உருகுவாய் ஆற்றின்மேல் பனி.
தகரக் கொட்டகையில் சூடாக இருந்தவை
அந்த பானெட்டும்
என் காதுமடல்களும்தான்.

விடியுமுன் நானே கிளப்பி
இருபது நிமிடம் ஓடவிட்டிருந்தேன்.
குளிர்ந்த எஞ்சின் பொய் சொல்லாது.
வாங்க வருகிறவர்களுக்கு அது தெரியும் என்று
நான்தான் நினைக்கவில்லை.

"நாளை வருகிறேன். அதுவரை தொடாதீர்கள்."
பெயர் நெரேய்தா இத்தூர்பிதே.
பாய்சாண்டுவில் தண்ணீர் பம்புகள் பழுது பார்ப்பவளாம்.

ஆறரைக்கு வந்தாள்.
கக்கத்தில் மாத்தே ஃபிளாஸ்க்,
கையில் பழைய காலுறைக்குள் முடிந்த காந்தம்.
வண்ணத்தில் கீறல் விழக்கூடாதே என்று காலுறை.
ஐம்பத்தெட்டாம் வருடத்து போர்க்வார்ட் இசபெல்லாவை
முன் விளக்கிலிருந்து நீவிக்கொண்டே போனாள்.
ஒட்டியது, ஒட்டியது, கதவில் ஒட்டியது.
பின்சக்கர வளைவில்
பொத்தென்று விழுந்தது காந்தம்.

அங்கே இரும்பே இல்லை.
புட்டியும் என் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளும் மட்டும்.
பூசி மெழுகுவது என்பார்களே,
நான் அதைக் கையாலேயே செய்திருந்தேன்.

குனிந்து காந்தத்தை எடுத்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
ஏதாவது சொல்லியிருக்கலாம்.

கதவைத் திறந்து நுனியைப் பிடித்துத் தூக்கினாள்:
கீல் எவ்வளவு தொங்குகிறது?
எண்ணெய் மூடியைக் கழற்றி உட்புறம் பார்த்தாள்:
பால் கலந்த காப்பி நிறம் உண்டா?
இல்லை. (அது எனக்கே ஆச்சரியம்.)
அடிச்சட்டத்து எண்ணைக் கம்பித் தூரிகையால் தேய்த்து
பதிவுப் புத்தகத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள்.
கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்று
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது
நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
மூன்றுதான்.
தானம் கொடுத்த மாடு இல்லையே இது,
பல்லைப் பிடித்துப் பார்க்கட்டும்.

பிறகு ஓட்டுநர் பக்கத்து மிதியடியைத் தூக்கினாள்.
துருவேறிப் போன தரைக்கு
நான் பற்றவைத்திருந்த தகடு
சிவப்பாக, வெள்ளை எழுத்தில், தலைகீழாக
'நில்' என்றது.
நகராட்சிச் சாலைப் பலகை.
எந்த முச்சந்தியில் கழற்றினேன் என்று கேட்கவில்லை அவள்.
முழங்காலிட்டபடியே சிரித்தாள்,
ஃபிளாஸ்க் உருண்டு சுவரில் மோதும்வரை.

"இனி கிளப்புங்கள்."
இருமியது. மறுபடி இருமியது. பிடித்துக்கொண்டது.
புகைக்குழாயருகே நின்று நீலப் புகையை
வாய்விட்டு எண்ணினாள்.
பதினொன்றில் தெளிந்தது.
"வால்வுகள்," என்றாள்,
பக்கத்து வீட்டுக்காரரின் பெயரைச் சொல்வதுபோல.

ஓட்டிப் பார்ப்பது மட்டும் மிச்சம்.
"சாலை வழுக்கும், நானே ஓட்டுகிறேன்," என்றேன்.
மூடிப்போன இறைச்சி ஆலை வரை போய்த் திரும்பினோம்.
எட்டு வருடமாக இரண்டாம் கியரில்
பல் உடைவது போலொரு சத்தம்.
முதலிலிருந்து நேரே மூன்றுக்குத் தாவி
பாட்டுப் பாடுவது போல் விசிலடித்து மறைத்தேன்.
அவள் ஜன்னல் வழியே
பசுக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கேட்டதில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தாள்.
பேரம் பேசவில்லை, தொகையைச் சொன்னாள்.
ஈரக் கையால் எண்ணி வாங்கிக்கொண்டேன்.

கொட்டகை வாசலில் நின்றேன்.
தெருமுனையில் யூக்கலிப்டஸ், அங்கே ஏற்றம்.
அங்கேதான் இரண்டாம் கியர் வேண்டும்.
அங்கேதான் கத்தும்.
பிரேக் விளக்கு எரியும், இறங்கி வருவாள்,
என்ன சொல்வது என்று
இரண்டு பொய்களைத் தயாராக வைத்திருந்தேன்.

முதல் கியரில் நன்றாக உறுமவிட்டாள்.
ஒரு நொடி அமைதி.
நேரே மூன்று.
என்னைவிட மெத்தென்று.

அப்படியானால் அந்தப் பசுக்கள்?
விரலிடுக்கில் இருந்த நோட்டுக்கட்டை
மறுபடி எண்ணினேன்.
சரியாகத்தான் இருந்தது.